வெயில் சாயுமுன் விரியும் சந்தை

ஜொகூர் பாருவின் மிகப் பெரிய சந்தைக்குக் கூரை கிடையாது, சுவர் கிடையாது, நிலையான முகவரியும் கிடையாது. இன்று ஒரு தாமானில், அதாவது ஒரு குடியிருப்பில் இருக்கும்; நாளை இன்னொரு தாமானுக்குப் போய்விடும். காலையில் பள்ளிப் பேருந்து ஓடிய அதே தார்ச்சாலையில் மாலை நான்கு மணிக்கு மீன் வெட்டும் பலகை இறங்கும். இரவு பதினோரு மணிக்குப் பார்த்தால் ஈரத் தரையும் நான்கைந்து முட்டைக்கோஸ் இதழ்களும்தான் மிச்சம். மலாயில் பசார் மாலாம் என்பார்கள், நம் பத்திரிகைகள் இரவுச் சந்தை என்று எழுதும். தாமான் ஜொகூர் ஜெயா, தாமான் பெலாங்கி, ஸ்கூடாயின் தாமான் உங்கு துன் அமினா என்று ஊரைச் சுற்றி எத்தனையோ இடங்களில் அது கூடுகிறது. ஆனாலும் இதை ஒரே சந்தையாகத்தான் நான் பார்க்கிறேன். வேனும் அதுதான், தராசும் அதுதான், அக்காவும் அண்ணனும் அவர்களேதான். சாலை மட்டும் மாறுகிறது.

கோலாலம்பூரில் தாமான் கொனாட் புதன்கிழமைச் சந்தை இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குப் போகும் என்று சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துப் போடுகிறார்கள். ஜொகூரில் எந்த ஒரு சந்தைக்கும் அப்படிப் பெயர் இல்லை. இங்கே பெருமை நீளத்தில் இல்லை. வாரத்தின் ஏழு நாளும் ஏதோ ஒரு குடியிருப்பின் வாசலில் மலிவான மீனும் கீரையும் வந்து நிற்கின்றன, அதில்தான் இருக்கிறது. பெரிய கார் இல்லாதவர்களுக்கும், பேரங்காடிக்குப் போக நேரம் இல்லாத தொழிற்சாலை ஷிஃப்ட் ஆட்களுக்கும் இதன் மதிப்பு தெரியும்.

பெயர்தான் இரவுச் சந்தை. கடை விரிப்பதோ நல்ல வெயிலில். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. அதனால் ஜொகூர் பாருவில் சூரியன் உச்சிக்கு வருவதே பகல் ஒரு மணிக்குத்தான். நான்கு மணிக்குக் கெனோப்பியின் இரும்புக் காலை ஊன்றுகிறவரின் முதுகில் விழுவது உண்மையில் மூன்று மணி வெயில். மறைவது ஏழு மணியை ஒட்டி. பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றரை டிகிரி தூரத்தில் இருக்கும் ஊர் இது. ஆண்டு முழுவதும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. குளிர்காலம் என்று ஒன்று வந்து யாரையும் காப்பாற்றப் போவதில்லை. சென்னையின் மே மாதத்தை விட வெப்பமானி இங்கே குறைவாகத்தான் காட்டும், ஆனால் காற்றிலுள்ள ஈரம் வியர்வையை உலரவிடாது. சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும், கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கும். எதிரே சாத்தே சுடும் கரியின் அனல், பக்கத்தில் எண்ணெய்ச் சட்டி, தலைக்கு மேல் சூடேறிய கெனோப்பித் துணி. வாங்க வருகிறவர் இதை ஒரு மணி நேரம் தாங்கினால் போதும். விற்கிறவர் ஏழு மணி நேரம் நிற்க வேண்டும்.

முதல் வரிசையில் பெரும்பாலும் மீன். கானாங்கெளுத்தியை இங்கே தமிழரும் கெம்போங் என்றுதான் கேட்பார்கள். வஞ்சிரம் தெங்கிரி, வாவல் பாவால். ஐஸ் உருகுமுன் விற்க வேண்டிய சரக்கு என்பதால் மீன்காரர் குரல்தான் சந்தையிலேயே உயர்ந்த குரல். கிழக்குக் கரை மெர்சிங் பக்கத்திலிருந்தும் மேற்கே பொந்தியான் பக்கத்திலிருந்தும் மீன் வருகிறது. நவம்பருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழையில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும்போது சிறு படகுகள் போக முடியாது. அந்த மாதங்களில் விலை ஏறினால் மீன்காரரிடம் சண்டை போடுவதில் பயன் இல்லை.

அடுத்து கீரை. நம் வீட்டுப் பெண்கள் அதிக நேரம் நிற்கிற இடம் இதுதான். வள்ளைக்கீரையான கங்கோங், முளைக்கீரை, வல்லாரையான பெகாகா, கட்டுக்கட்டாகப் பாண்டான் இலை, மலாய்க்காரர் பச்சையாகவே கடித்துச் சாப்பிடும் பெத்தாய்க் காய். பக்கத்திலேயே முருங்கைக்காயும் கறிவேப்பிலையும். மரவள்ளிக் கொழுந்தும் கிழங்கும் கூட இருக்கும். அந்தக் கிழங்குக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1942 ஜனவரி 31 அன்று ஜப்பானியர் ஜொகூர் பாருவை எட்டியபோது, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை சிங்கப்பூர்ப் பாலத்தை வெடி வைத்து உடைத்துக்கொண்டு போனது. அடுத்த மூன்றரை ஆண்டுகள் அரிசி கிடைக்காமல் மலாயாத் தமிழர் மரவள்ளியைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள். அந்தத் தலைமுறையில் பலர் சாகும்வரை அந்தக் கிழங்கைத் தட்டில் தொடவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தேங்காய்ப்பூ தூவி வேகவைத்த கிழங்கைப் பொட்டலமாக வாங்கி நடந்துகொண்டே சாப்பிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறையும்.

பழங்களில் ஜொகூருக்கு உரியது அன்னாசி. மலேசியாவில் அன்னாசி அதிகம் விளையும் மாநிலம் இதுதான். பொந்தியான் வட்டாரத்துக் கரிச்சதுப்பு நிலம் நெல்லுக்கு உதவாது, அன்னாசிக்கு அமிர்தம். பெக்கான் நானாஸ் என்ற ஊருக்குப் பெயரே அன்னாசியால் வந்தது. ஜோசபின், எம்டி2 என்று ரகத்தைச் சொல்லிக் கேளுங்கள், வியாபாரி உங்களை மதிப்பார். டுரியான் பருவத்தில் சிகாமாட், தங்காக் பக்கத்துப் பழங்கள் லோரியில் வந்து இறங்கும். அந்த வாரங்களில் சந்தை எங்கே கூடியிருக்கிறது என்று யாரையும் வழி கேட்க வேண்டாம்.

சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த இதழ் போதாது. அப்பம் பாலேக், மூவாரின் ஓத்தாக்-ஓத்தாக், ஸ்பெகெட்டியில் மீன் குழம்பு ஊற்றித் தரும் லக்சா ஜொகூர், கரும்புச்சாறு, செண்டோல். இவற்றுக்கு நடுவே மசால் வடை, முறுக்கு, கச்சாங் பூத்தே, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்த இடியாப்பம். இடியாப்பத்தை மலாய்க்காரரும் சீனரும் புத்து மாயாம் என்று கேட்டு வரிசையில் நிற்பார்கள். நம் உணவுக்கு இந்த நாட்டில் கிடைத்திருக்கும் இடம் அரசாங்க விழா மேடையில் தெரியாது, இந்த வரிசையில் தெரியும்.

தோட்டம் போன இடத்தில்

இந்தச் சந்தைகள் கூடும் மண் நமக்கு அந்நியமானதல்ல. இன்று உணவகங்களும் இரவு விளக்குகளுமாகப் பளபளக்கும் மவுண்ட் ஆஸ்டின் வட்டாரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டம். தெப்ராவ் தோட்டம், ரினி தோட்டம், குளுவாங் பக்கத்து லம்பாக், மெங்கிபோல், கோத்தா திங்கி பக்கத்து ரெம் என்று ஜொகூர் முழுக்கத் தமிழர் பால் வெட்டிய தோட்டங்கள். பல இடங்களில் மரம் போய்விட்டது, லயம் போய்விட்டது. தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டத்தைக் குறிக்கும் லாடாங் என்ற மலாய்ச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தோட்டத்திலும் சந்தை உண்டு. சம்பள நாளன்று துணிக்காரரும் பாத்திரக்காரரும் மீன்காரரும் தோட்டத்துக்குள் வந்து கடை விரிப்பார்கள். அந்த ஒரு நாளில்தான் பிள்ளைக்குப் புதுச் சட்டை, வீட்டுக்கு நல்ல மீன், பழைய கடனுக்குப் பணம். அங்கே நாம் வாங்குகிறவர்களாக மட்டுமே இருந்தோம். தோட்டங்கள் துண்டாகி, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியபோது, மக்கள் மாசாய், ஸ்கூடாய், கூலாய், உலு திராம் பக்கம் குடி வந்தார்கள். கையில் படிப்புச் சான்றிதழ் இல்லை. பலருக்குத் தோட்டம் கொடுத்த இழப்பீடும் சொற்பம். ஆண்கள் லோரி ஓட்டவும் காவல் வேலைக்கும் போனார்கள், பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். சிலர் மட்டும் ஒரு மடக்கு மேசையும் எண்ணெய்ச் சட்டியும் வாங்கினார்கள்.

அந்தச் சிலரைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பேரங்காடியில் ஒரு கடை எடுக்க முன்பணம், அலங்காரம், இரண்டு ஆண்டு ஒப்பந்தம் எல்லாம் வேண்டும். பசார் மாலாமில் வேண்டியது ஊராட்சி மன்றத்தின் உரிமம், தரையில் பெயிண்டால் எண் போட்ட ஓர் இடம், ஒரு பழைய வேன், முதல் நாள் சரக்கு. சொந்தத் தொழிலுக்குள் நுழைய இவ்வளவு தாழ்வான படி இந்த நகரத்தில் வேறெங்கும் இல்லை. வடை போட்டு மகளைப் பட்டப்படிப்புக்கு அனுப்பிய குடும்பங்களும், துணிக்கடை வைத்துத் தாமானில் வீடு வாங்கிய குடும்பங்களும் நம்மிடையே இருக்கின்றன. ஜொகூர் மக்கள்தொகையில் இந்தியர் நூற்றுக்கு ஆறேழு பேர்தான். அவ்வளவு சிறிய சமூகத்துக்கு இப்படி ஒவ்வொரு குடும்பமும் ஒரு தூண்.

ஆனால் இந்தத் தொழிலின் உழைப்பை வெளியிலிருந்து பார்க்கிறவர் குறைத்து மதிப்பிடுகிறார். வடைக்குப் பருப்பு ஊறப்போடுவது விடியற்காலையில். பத்து மணிக்குள் அரைத்தாக வேண்டும், பிற்பகல் வேன் ஏற்ற வேண்டும். இரவு கடையை மடக்கி, தரையைக் கழுவி, வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்து முடிக்க நள்ளிரவு தாண்டும். வாரத்தில் ஐந்தாறு நாள் இதே கதை, ஒவ்வொரு நாளும் வேறு தாமான். நான்கு மணிக்கு இடியோடு மழை பிடித்தால் அன்றைய மாவு அத்தனையும் நஷ்டம். மீன்காரரும் கீரைக்காரரும் இரவு ஒன்பதரைக்கு மேல் லேலோங் என்று கூவி விலையை உடைப்பது இந்தக் காரணத்தால்தான். மறுநாளுக்கு வைக்க முடியாத சரக்கு அது.

செலவுகளும் ஏறிக்கொண்டே போகின்றன. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்குத் தாவியது. அரசாங்கம் உதவித்தொகைத் திட்டங்களை அறிவித்தது உண்மை. ஆனால் காய்கறி லோரியின் வாடகை ஏறினால் அது கடைசியில் சந்தைக் கீரைக்கட்டில்தான் வந்து உட்காரும். கோழி முட்டைக்கான மானியம் 2025 ஆகஸ்ட் 1 அன்று முற்றாக நின்றது. அப்பம் பாலேக்கும் முர்தபாவும் முட்டையில்லாமல் நடக்காது. இருந்தும் பல கடைகளில் விலைப்பலகையை மாற்றத் தயங்குகிறார்கள். தாமான்வாசிகள் வாரா வாரம் முகம் பார்க்கிற வாடிக்கையாளர்கள்; ஐம்பது காசு ஏற்றினாலும் கேள்வி வரும். அதனால் வடை கொஞ்சம் சிறுக்கிறது.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது இந்தச் சந்தைகள் ஒரே நாளில் நின்றன. அந்த ஆண்டு ரமலான் சந்தைகளும் இல்லை. ஜூன் நடுப்பகுதியில்தான் கடும் நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதி கிடைத்தது. மாதச் சம்பளக்காரருக்கு அது வீட்டிலிருந்து வேலை பார்த்த காலம். அன்றாடம் விற்றால்தான் அடுப்பெரியும் என்ற குடும்பங்களுக்கு மூன்று மாதம் என்பது சேமிப்பு முழுவதும் கரைந்த காலம். அப்போது வேனை விற்றவர்களில் எல்லாரும் திரும்பி வரவில்லை.

ஜாலான் செகெட்டின் இரவு

தாமான் சந்தைகள் மடக்கப்படும் நேரத்தில் நகர மையத்தில் இன்னொரு சந்தை சூடு பிடித்த காலம் உண்டு. பசார் காராட், அதாவது துருச் சந்தை. ஜாலான் செகெட்டை ஒட்டிய அந்தச் சந்தையில் பழைய கைக்கடிகாரம், பழைய காமிரா, பயன்படுத்திய காலணி, மூட்டையாக இறங்கும் பண்டில் சட்டைகள், ஸ்பேனர், சுத்தியல், கைபேசி உறைகள், பழைய நாணயங்கள் என்று கிடைக்காத பொருள் குறைவாகவே இருந்தது. பக்கத்திலேயே செகெட் ஆறு. ஒரு காலத்தில் அதன் நாற்றம் தாங்காமல் 2005-ல் மேலே மூடியே போட்டார்கள். பிறகு மூடியை எடுத்துச் சீரமைத்தார்கள். இப்போது கரையில் மக்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சந்தைக்கு நான் தாமான் சந்தையை விட அதிக நேரம் கொடுத்தேன். அங்கே அவசரம் இருந்ததில்லை. ஒரு பொருளை எடுத்துப் பார்த்து, வைத்து, சுற்றிவிட்டு வந்து மறுபடி எடுக்க முடிந்தது. விற்பவரும் அதன் கதையைச் சொல்வார். பாசிர் கூடாங், செனாய் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நேபாளி, வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்கள் மழைக்கோட்டும் காலணியும் பேரம் பேசி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழக மாணவர்கள் பழைய ஜீன்ஸ் தேடுவார்கள். இரண்டு நிமிட நடையில் குளிரூட்டிய பேரங்காடிகள் இருக்கின்றன. அங்கே விலை ஒட்டியிருக்கும். சந்தையில் விலையைப் பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பழைய கைக்கடிகாரம் எங்கே வாங்கினாலும் கவனமாக இருங்கள். ஓடுகிறதா என்று பத்து நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஜாலான் செகெட்டிலிருந்து சிறிது தூரம் நடந்தால் ஜாலான் உங்கு புவான், ஊரின் லிட்டில் இந்தியா. 1911-ல் தோன்றிய அருள்மிகு ராஜமாரியம்மன் ஆலயம் பக்கத்தில். 1909-ல் ரயில் பாதை ஜொகூர் பாருவை எட்டிய பிறகு ரயில்வேயிலும் பொதுப்பணியிலும் வேலைக்கு வந்த நம்மவர் வேரூன்றிய வட்டாரம் இது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இந்தத் தெரு முழுவதும் கூடாரமாகிவிடும். முறுக்குப் பிழியும் வாசனை, பஞ்சாபி சூட், வேட்டி, கோலப் பொடி, செயற்கைப் பூமாலை, எல்லாம் ஒரே நெரிசலில். அந்த நெரிசலுக்குள் ஒரு வருத்தமும் உண்டு. நம் பெயரில் எடுத்த கடை உரிமத்தை வெளிநாட்டு வியாபாரிக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்து பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இது ஜொகூரில் மட்டும் உள்ள பழக்கமல்ல. கிள்ளானிலும் பினாங்கிலும் ஆண்டுதோறும் இதே புகார். உரிமத்தை வாடகைக்கு விடுகிறவர் சட்டத்தை மீறுகிறார் என்பது ஒரு புறம். வரிசையில் காத்திருந்து இடம் கிடைக்காத இன்னொரு தமிழ்க் குடும்பத்தின் வாசலை அவர் அடைக்கிறார் என்பதே எனக்குப் பெரிய குற்றம்.

பாலத்துக்கு அப்பாலிருந்து

தினமும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் சிங்கப்பூரோடு இணைக்கும் ஜொகூர் பாலத்தைக் கடக்கிறார்கள். 1924-ல் அதிகாரபூர்வமாகத் திறந்த அந்தப் பாலம் உலகின் பரபரப்பான எல்லைகளில் ஒன்று. ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல் போகும் நாளில், அக்கரைக் குடும்பங்களுக்கு ஜொகூர் பாரு மலிவான ஊர். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரின் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்குத் திரும்பியதால் இரண்டு பக்கத்து விடுமுறைக் கூட்டமும் ஒரே நாளில் சேர்கிறது. புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு நான்கு கிலோமீட்டர் தூர ரயில் 2026 இறுதியை ஒட்டி ஓட வேண்டும் என்பது திட்டம். ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேரை ஏற்றிச் செல்லும்.

இந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் பேரங்காடிகள் எழும்புகின்றன, நிலத்தின் விலை ஏறுகிறது. சாலையோரச் சந்தையை நகரின் அழகுக்கு இடைஞ்சல் என்று நினைக்கிற குரல் அப்போது தானாகவே பலக்கும். போக்குவரத்து நெரிசல், குப்பை, அடைபட்ட சாக்கடை என்று குடியிருப்பாளர்கள் சொல்கிற புகார்களிலும் நியாயம் உண்டு. வீட்டு வாசலில் காரை எடுக்க முடியாமல் வாரம் ஒரு மாலை தவிக்கிறவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இவற்றுக்குத் தீர்வு சந்தையை அகற்றுவதல்ல, சந்தைக்கு வேண்டியதைக் கட்டிக் கொடுப்பது. வேளாண் பொருள் சந்தை வாரியமான ஃபாமா 1985 முதல் உழவர் சந்தைகளை ஒழுங்காக நடத்தி வருகிறது. அரசு மனம் வைத்தால் திறந்தவெளிச் சந்தையை முறையாக நடத்தலாம் என்பதற்கு அதுவே சான்று.

வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவையல்ல. முதலாவது கழிப்பறை. ஏழு மணி நேரம் நிற்கும் பெண் வியாபாரிகள் பல தாமான் சாலைகளில் பெட்ரோல் நிலையத்தையோ பக்கத்து உணவகத்தையோ நம்பியிருக்கிறார்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். இந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நிற்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டாவது, கை கழுவவும் மீன் கழுவவும் குழாய்த் தண்ணீரும், எண்ணெய் வடிகட்டியோடு ஒரு வடிகாலும். மூன்றாவது, நான்கிலிருந்து ஏழு மணி வரையிலான வெயிலுக்குச் சந்தைச் சாலைகளின் மேற்குப் பக்கமாக நிழல் மரங்கள். இன்று நட்டால் பத்து ஆண்டில் நிழல் தரும். உரிமத்தைப் பொறுத்தவரை, இடத்தில் நிற்பவரும் உரிமக்காரரும் ஒருவர்தானா என்று மாதம் ஒருமுறை சரிபார்த்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

ஜொகூர் பாரு, இஸ்கந்தர் புத்ரி, பாசிர் கூடாங் மாநகர் மன்றங்கள் மூன்றுக்கும் இந்தக் கோரிக்கை. ரயில் ஓடத் தொடங்குமுன், சந்தை கூடும் ஒவ்வொரு சாலையிலும் பெண்களுக்கான ஒரு நடமாடும் கழிப்பறையையாவது கொண்டுவந்து நிறுத்துங்கள். வாசகர்களே, உங்கள் தாமானில் சந்தை கூடும் நாளன்று அங்கே போய் வாங்குங்கள். வாங்கிவிட்டு, கழிப்பறை கேட்டு உங்கள் வட்டார மன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.